ஜரிகை கட்டிய செடிகள்

என் சின்ன மகளும் அவள் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாத காலத்தில்தான் அந்தச் செடிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. தொண்ணூறுகளின் கடைசி என்று நினைவு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் அப்போது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி. என் வீட்டுக்காரர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தறியில் குறுக்கே ஓட்டுகிற ஊடை நூல் சுற்றிக் கொடுப்பேன். பேச்சு அதிகம் இருக்காது. எனக்கு அவரிடமே பேச வராது, வெளியாரிடம் எங்கே வரும்.

பெரியவளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. சின்னவள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, செடிகொடிகளைப் பற்றிய படிப்பு படித்தாள். ஒரு பட்டம் வாங்கினாள், அதற்கு மேல் ஒன்று வாங்கினாள், அதற்கும் மேல் ஆராய்ச்சி என்று சேர்ந்தாள். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். மாட்டேன் என்றுவிட்டாள். இவர் ஒரு தரம் கேட்டார், இன்னொரு தரம் கேட்டார், பிறகு அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவள் வீட்டுக்கு வருகிற நாளில் ஒரே அறையில் இருந்துகொண்டு என் வழியாகப் பேசுவார்கள்.

"உன் பொண்ணைச் சாப்பிடச் சொல்லு."

"பசிக்கலன்னு சொல்லும்மா நைனாகிட்ட."

"பசிக்கலன்னு போய்ட்டு பஸ்ல மயங்கி விழப்போவுதுன்னு சொல்லு."

நான் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது. நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அவள் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்து வைத்தாள். அடியில் நுங்கு மாதிரி ஒரு பாகு. அதன்மேல் பச்சை நூல் துணுக்குகள் சிக்கிக் கிடந்தன. தலை வாரினால் சீப்பில் சுருண்டு வருமே, அதைப் பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்தது போல இருந்தது.

"இன்னாடி இது, புழுவா?"

"செடிம்மா. ஆர்க்கிட்."

"இலை எங்க?"

"இலையே கிடையாது. இதுக்கு வேருதான் எல்லாம். வேரே தண்ணி குடிக்கும், வேரே சமைச்சி சாப்பிடும். பெருசானா பூ மட்டும் வரும். காட்ல மரத்து மேல ஒட்டிக்கினு இருக்கும், நீ பாத்தா காஞ்ச நாருன்னு நினைச்சிக்குவ."

மலைக்காட்டில் அது அருகிப் போய்விட்டதாம். மாவு போலிருக்கும் அதன் விதையைக் குடுவைக்குள் தூவி, கிருமி படாமல் காத்து, முளைக்க வைத்து, இந்த அளவுக்கு வருவதற்கே வருஷங்கள் ஆயிற்றாம். கல்லூரியில் கண்ணாடி வீடு இருந்தது, அதில் பாதியை வைத்திருந்தார்கள். மீதிப் பாதி சாதாரண வீட்டில், சாதாரண ஜனங்கள் கையில் பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். பிழைத்தால் ஊர் ஊராக வீடுகளில் வளர்க்கக் கொடுக்கலாம், இனம் அழியாது. அதுதான் அவளுடைய ஆராய்ச்சியே.

"பொங்கல் கழிச்சி எங்க மேடம் வந்து பாப்பாங்க. அதுவரைக்கும் உயிரோட இருந்து, புது வேரு விட்டிருந்தா எழுதி முடிச்சிடுவேன். போச்சின்னா மறுபடியும் விதையிலேர்ந்துதான்" என்றாள்.

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பங்குனி வரைக்கும் டைம்னு சொல்லு. அதுக்குள்ள முடியலன்னா வாலாஜாபாத்துக்காரங்களுக்கு நான் சரின்னுடுவேன். ஒருத்தரு எவ்ளோ நாள் காத்துக்கினு இருப்பாரு?"

அவள் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் வேறு எங்கேயும் அவை பிழைக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊர் வெயில் அப்படி. தறி அறை மட்டும்தான் குளிர்ச்சி. வறட்டுக் காற்று பட்டால் பட்டு அறுந்துபோகும் என்று ஜன்னலை ஒருக்களித்தே வைத்திருப்போம். குழியின் ஈரம் எப்போதும் அறையில் நிற்கும். அது செடிக்கு ஏற்றது. ஆனால் செடிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டுமே. தறி அறையில் தண்ணீர்ச் சொம்பைக்கூட வைக்க விடமாட்டார் இவர். தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் ஒரு சொட்டு விழுந்து கறையாகிவிட்டால் கடைக்காரர் சேலையை வாங்க மாட்டார்.

"தறி மேல ஒரு துளி பட்டாலும் அத்தனையையும் தூக்கிக் கிணத்துல போட்டுடுவேன்னு சொல்லு" என்றார்.

சொன்னாரே தவிர, அவள் குளிக்கப் போயிருந்தபோது தறி அறையின் பின்சுவரில், தறிக்கு எட்டாத தூரத்தில், வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். அவள் வந்து பார்த்தாள். "தேங்க்ஸ் சொல்லிடும்மா" என்றாள்.

பாகை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி எடுத்து, ஒவ்வொரு துணுக்கையும் ஒரு மாங்குச்சியின் மேல் வைத்து வெள்ளை நூலால் கட்டினாள். மண் வேண்டாம், எரு வேண்டாம். காலையில் ஒரு முறை, வெயில் தாழ ஒரு முறை புகைபோலத் தண்ணீர் அடிக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அது கூடாது, மழைத் தண்ணீர்தான். தெளிக்க ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தாள். சலூனில் தலையில் அடிப்பார்களே, அதேதான்.

அவள் போன பிறகு அது என் வேலையாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு இளையவள், வாய்க்காரி. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, சலூன் வச்சிட்டியா? எங்க வூட்டு ஆளுக்கு முடி வெட்டணும், இட்டாரட்டுமா?"

நான் சிரித்துவிட்டுப் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

"மறைக்காதக்கா. அது இன்னாது, சுள்ளிக்குத் தண்ணி தெளிக்கிற? துளிர்க்கப்போவுதா?"

"சின்னவ வச்சது."

"தலைவாழை இலை போட்டு ஊருக்கே சோறு போட வேண்டிய வயசு அவளுக்கு. அவ இன்னாடான்னா இலையே இல்லாத செடியை வளக்குறா. நல்லா இருக்குது போ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. பட்டுப்போன குச்சிகளைக் கல்யாணம் ஆகாத பெண் இருக்கிற வீட்டில் தொங்கவிட்டிருக்கிறோமே என்று எனக்கே ஒரு பயம் உண்டு. யாரிடம் சொல்வது? தண்ணீர் அடித்ததும் அந்தப் பயம் கொஞ்சம் குறையும். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறத்தில் செத்ததுபோல் கிடக்கிற வேர், தண்ணீர் பட்டதும் பச்சையாகும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறும். அஞ்சாங்கிளாஸ் படித்தவளுக்கு அதற்கு மேல் அதைச் சொல்லத் தெரியவில்லை. உயிரோடுதான் இருக்கிறது, அவ்வளவு தெரிந்தால் போதும் என்றிருந்தது.

கண்ணாடி வீட்டுச் செடிகளை விட்டு நகர முடியாதென்று அவள் பொங்கல் வரை ஊருக்கு வரவில்லை. வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மளிகைக் கடைக்கு அவள் போன் செய்வாள், கடைக்காரர் ஆள் அனுப்புவார். நான் போய் நிற்பேன். கடையில் எப்போதும் ஆண்கள் பீடி வாங்கிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பார்கள். அத்தனை பேர் எதிரில் எனக்குத் தொண்டை திறக்காது.

"பச்சையா இருக்குதாம்மா?"

"ம்."

"நுனியில புதுசா வருதா?"

"ம்."

"நைனா எதனா சொன்னாரா?"

"ம்கூம்."

"இன்னாம்மா நீ, ஊமைகிட்ட பேசுற மாதிரி இருக்குது" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

மழைக்காலம் வந்தது. அறையின் ஈரத்தில் அந்த வெள்ளை நூல் மக்கத் தொடங்கிற்று. ஒரு நாள் ஒரு செடி குச்சியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. ஒரு வேர் நசுங்கியிருந்தது. என் பழைய நூல்புடவையைக் கிழித்து, ஒரு பட்டையால் அதை மறுபடி கட்டி, தனியாக வெளியே, நிழல் விழுகிற கிணற்றடிச் சுவரில் மாட்டினேன். மற்றதையும் கட்ட வேண்டும் என்று நினைத்திருக்கும்போது மாகறலில் என் சின்னம்மா இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. கருமாதி முடியும் வரை அங்கே இருக்க வேண்டியதாயிற்று. காலையும் மாலையும் தண்ணீர் அடிக்கும்படி இவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். "ம்" என்றார்.

திரும்பி வந்து தறி அறைக்குள் எட்டிப் பார்த்தபோது எனக்குக் கண் கூசிற்று. பின்சுவர் முழுக்க மினுமினு என்றிருந்தது. எல்லாச் செடியையும் ஜரிகையால் கட்டியிருந்தார்.

கட்டென்றால் வெறும் கட்டு இல்லை. சேலையின் முந்தானையில் காட்டுகிற நேர்த்தி அது. வேர் நசுங்காமல், இழை இழையாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்று வருகிற மாதிரி சுற்றி, முடிச்சைக் குச்சியின் பின்பக்கம் ஒளித்து வைத்திருந்தார்.

"நூலு மக்கிப்போச்சி. இது மக்காது" என்றார், தறியிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த ஜரிகை எது என்று எனக்குத் தெரியும். சின்னவள் கல்யாணத்துக்கென்று சேலைக்குப் பாவு போட்டு, கால்வாசி நெய்தும் இருந்தார். அவள் மாட்டேன் என்றதும் அதை முடித்துக் கடைக்குக் கொடுத்துவிட்டார். அதற்கென்று தனியாக வாங்கிய ஜரிகையில் மிஞ்சியதை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். டப்பா இப்போது காலியாக இருந்தது.

நான் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. மகள் பெயரைச் சொல்லவே மறுக்கிற மனுஷன் அவள் செடியைத் தொட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரியைக்கூட நானே கூப்பிட்டுக் காட்டினேன்.

"யம்மா! இதுங்களுக்கு இன்னா முகூர்த்தமா? சொல்லவேயில்ல! மாமா, எனக்கும் அந்தக் குச்சியில ஒண்ணு குடுங்களேன், மூக்குல குத்திக்கிறேன்" என்றாள் அவள்.

இவர்கூடச் சிரித்தார்.

கார்த்திகை முடியும் சமயம், தண்ணீர் அடித்தபோது ஒரு செடியில் எல்லா வேரும் பச்சையாகி ஓர் இடம் மட்டும் மாறாமல் நின்றது. ஜரிகைக் கட்டின் ஓரம். அங்கே பழுப்பாக இருந்தது. மறுநாள் பார்த்தால் கறுப்பு. பல் சொத்தை மாதிரி ஒரு புள்ளி. அது மெதுவாக இரண்டு பக்கமும் ஓடிற்று. பிறகு அடுத்த செடியிலும் வந்தது. ஜரிகையும் மங்கி, இழைகளுக்கு நடுவில் களிம்பு மாதிரி ஒரு பச்சை ஏறியிருந்தது.

முதலில் நான் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன். குறைத்தேன். வேர் சுருங்கிற்று. கூட்டினேன். கறுப்பு இன்னும் வேகமாக ஓடிற்று. பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துக் காட்டியதால் கண்பட்டுவிட்டதோ என்று உப்பு மிளகாய் சுற்றிக்கூடப் போட்டேன். பிறகு ஒரு நாள் கிணற்றடிச் சுவரில் தனியாகத் தொங்கிய அந்தச் செடி கண்ணில் பட்டது. இவர் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது, என் புடவைக் கிழிசலோடே இருந்தது. நசுங்கினதுதான் அது, பிழைக்காது என்று நினைத்தது. அதன் நுனியில் பச்சையாக, ஊசி முனை மாதிரி புதுசு வந்திருந்தது.

 காரணம் எனக்குத் தெரியாது. ஜரிகை எப்படிச் செடியைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கட்டு இருந்த இடத்திலிருந்துதான் கறுப்பு கிளம்புகிறது என்பது தெரிந்தது.

அந்த வாரம் போன் வந்தபோது, இந்தத் தரம் சொல்லியே ஆக வேண்டும் என்று போனேன்.

"பச்சையா இருக்குதாம்மா?"

"கொஞ்சம் கறுக்குது."

அவள் குரல் மாறிவிட்டது. "எத்தினி? எங்க கறுக்குது? நுனியிலயா, நடுவுலயா?"

"நடுவுல. அது வந்து... உங்க நைனா..."

கடைக்காரர் தராசைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். அவர் இவருக்குச் சிநேகிதர். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் எங்கள் தெரு நெசவுக்காரர்கள். இன்றைக்கு நான் சொன்னால் நாளைக்கு இவர் வெற்றிலை வாங்க வரும்போது யாராவது கேட்பார்கள்.

"நைனாவுக்கு இன்னா?"

"நல்லா இருக்கிறாரு" என்றேன்.

"தண்ணியைக் குறைம்மா. மழைக்காலத்துல அழுகும். ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து வை. நான் பொங்கலுக்கு வந்துடுறேன். பாத்துக்கோம்மா, ப்ளீஸ்."

வீட்டுக்கு வந்து, இவர் சாப்பிட்டு முடித்ததும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு இவரிடமே சொன்னேன். "அந்த ஜரிகையை எடுத்துட்டு வேற நூல் கட்டலாங்களா?"

"ஏன்?"

"கட்டுன எடத்துல கறுக்குது."

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "இன்னாமே சொல்ற? ஜரிகை செடியைக் கொல்லுமா? சாமி மேல சாத்துற பொருளு அது. வரதர் கோயில்லயும் அம்மன் கோயில்லயும் அதைத்தானே சாத்துறாங்க. மண்டபத்துல தாலி கட்டுறப்போ பொண்ணு உடம்புல அதானே இருக்குது. நீ தண்ணியைக் கொட்டி அழுக வச்சிட்டு ஜரிகை மேல பழி போடுறியா?"

"இல்லீங்க, கெணத்தடியில இருக்கிறது..."

"உன் பொண்ணு சொன்னாளா? நான் கட்டுனது புடிக்கலயாமா அவளுக்கு?"

"அவளுக்குத் தெரியவே தெரியாதுங்க."

"தெரிய வேணாம்" என்றார். எழுந்துபோய்விட்டார்.

அவர் கோபத்தில் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. பயந்துபோய்த்தான் பேசினார். அதற்குப் பிறகு அந்தச் சுவர்ப் பக்கமே திரும்ப மாட்டார். அவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு செடியின் கட்டைப் பிரிக்கப் பார்த்தேன். வேர் ஜரிகையோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இழுத்தால் தோல் உரிந்து வந்தது. அந்தச் செடி இரண்டே நாளில் முழுக்கக் கறுத்தது. அதற்கு மேல் தொடக் கை வரவில்லை. தொடாமல் விட்டாலும் சாகும், தொட்டாலும் சாகும். காலையில் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். பச்சையாகிற இடம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது.  

போகிக்கு முந்தின நாள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் தறி அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். இவர் குழிக்குள் இருந்தார். ஊடை நூலோடு நாடா போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

சுவர் எதிரில் அவள் வெகுநேரம் நின்றாள். ஒரு குச்சியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"யாரும்மா இது ஜரிகையில கட்டுனது?"

நான் தரையைப் பார்த்தேன். நாடா நின்றது.

"நான்தான் கட்டுனேன்னு சொல்லு" என்றார் இவர்.

அவள் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "ஜரிகையில செம்பு இருக்குதும்மா. செம்பு இந்த வேருக்கு விஷம். தண்ணி படப்படக் கரைஞ்சி உள்ள இறங்கிடும். சொல்லு."

"அசல் ஜரிகைன்னு சொல்லு. வெள்ளி. மேல தங்கம். செம்பெல்லாம் கிடையாது."

"செம்பே சேர்க்காத ஜரிகை எங்க விக்குதுன்னு கேளும்மா. நைனாவுக்குத் தெரியாததா?"

 எத்தனையோ வருஷமாக ஜரிகையைக் கல்லில் உரசிப் பார்த்து, செம்புச் சிவப்பு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து வாங்குகிற மனுஷன் அவர். வெள்ளிக்கு நடுவில் எது இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சாமிக்கும் கல்யாணத்துக்கும் ஆகிற ஒன்று கெடுதல் செய்யும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் தோன்றவில்லை.

நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பேசினார்கள்.  அப்படியே நகர்ந்து, சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். பேசுவதற்கு இப்போது நடுவில் ஆள் இல்லை.

 பிறகு அவர் குழியிலிருந்து ஏறினார். இழை பிரிக்க வைத்திருக்கிற சின்ன இடுக்கியையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"எங்க புடிக்கணும்?" என்றார், நேராக அவளிடம்.

 அவள் குச்சியை அவர் பக்கம் நீட்டினாள். "வேரைத் தொடாதீங்க நைனா. பின்பக்கம் முடிச்சு எங்க?"

"இதோ."

"அதை மொதல்ல வெட்டுங்க. நான் தண்ணி அடிக்கிறேன், ஊறட்டும். ஊறுனப்புறம் ஒவ்வொரு இழையா எடுக்கலாம்."

இருட்டும்வரை அப்படியே செய்தார்கள். அறுந்த பாவு இழையைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிற கை அது. நான் உரித்தெடுத்த மாதிரி ஒரு வேரையும் அவர் உரிக்கவில்லை. "ஸ்ஸ்" என்பாள் அவள், அவர் நிறுத்துவார். "ம்" என்பாள், மறுபடி இழுப்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை. பிரித்த ஜரிகை அவர் மடியில் கறுத்துப்போய்க் கிடந்தது. வேலை முடிந்ததும் அதைச் சுருட்டிக் கைக்குள் மூடிக்கொண்டு வெளியே போனார். எங்கே போட்டார் என்று தெரியாது.

பொங்கல் கழிந்து அவளுடைய மேடம் வந்தார்கள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கூப்பிட்டபோது காபியை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நல்ல மாதிரி அவர்கள், கோபிக்கவில்லை. அப்போது கிணற்றடிச் செடியையும் சேர்த்து மூன்றோ நாலோதான் மிச்சம் இருந்தது.

"இதைக் கணக்குல சேர்த்துக்க முடியாதும்மா" என்று என் மகளிடம் சொல்வது கேட்டது. "வீட்ல வளர்த்ததால செத்துச்சா, செம்பால செத்துச்சான்னு பிரிக்க முடியாது. மறுபடி செய்யத்தான் வேணும்."

"எவ்ளோ நாள் ஆகுங்க?" என்று இவர் கேட்டார்.

"விதையிலேர்ந்துங்க. ரெண்டு வருஷமாவது ஆகும்."

அவர்கள் போன பிறகு என் மகள் பின்கட்டில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. நான் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போன்ல சொல்லியிருக்கலாம் இல்லம்மா?" என்றாள். கேள்வி மாதிரிகூடக் கேட்கவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். நான் அவள் முதுகில் கையை வைத்தேன். அவள் அதைத் தள்ளவில்லை.

மாசியில் வாலாஜாபாத்திலிருந்து ஆள் வந்தது. பையனின் சித்தப்பா. இவர் அவரைப் பாயில் உட்காரவைத்தார், நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பங்குனின்னு சொல்லியிருந்தீங்களே. இன்னா முடிவு பண்ணீங்க?"

"பொண்ணு படிப்பு முடியலீங்க."

"முடிஞ்சிடும்னுதானே சொன்னீங்க?"

"முடிஞ்சிருக்கும். நான்தான் கெடுத்துட்டேன். அவ வச்சிருந்த செடியில கை வச்சிட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் ஆவும்."

"செடியா?" அந்த மனுஷர் சிரித்தார். "செடிக்காகவா ஒரு சம்பந்தத்தை விடுவாங்க? கட்டிக் குடுங்க, அங்க வந்து தோட்டமே போட்டுக்கட்டும்."

"விடல. காத்திருக்க முடிஞ்சா காத்திருங்க. இல்லன்னா உங்க இஷ்டம்."

அவர்கள் காத்திருக்கவில்லை. வைகாசியிலேயே அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, பத்திரிகைகூட வந்தது. தெருவில் என்னென்னவோ பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் எதுவும் சொல்லவில்லை. வாய்க்காரியே வாயை மூடிக்கொண்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும், அவள் மறுபடியும் ஒரு குடுவையோடு வந்தாள். ஒரு ராத்திரிதான் தங்கல். இவர் அதற்குள் ஆணிகளைச் சரிபார்த்து, கட்டுவதற்குப் பருத்தித் துணிப்பட்டை வாங்கி வந்து வெந்நீரில் அலசிக் காயப்போட்டிருந்தார். யாரும் சொல்லாமலே செய்திருந்தார். காலையில் அவள் குடுவையைப் பைக்குள் எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"கட்டலயா?"

"இல்ல நைனா. இந்த தடவை வேற வீட்ல வைக்கிறேன். கூடப் படிக்கிற பொண்ணு வீடு, செங்கல்பட்டு தாண்டி."

"இங்கயே வையேன்."

அவள் பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரிஸ்க் எடுக்க முடியாது நைனா" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பையைக் குடு. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நான் எடுத்தாரேன்" என்றார். அவள் தயங்கினாள். பிறகு கொடுத்தாள்.

இரண்டு பேரும் தெருவில் போவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அவர் பையைத் தொங்கவிடாமல் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவள் ஓர் அடி பின்னால், பையின் மேலேயே கண்ணாகப் போனாள். வழியில் பேசிக்கொண்டார்களா, என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். நான் ஊடை நூலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ஜன்னல் ஓரம் சீட் கிடைச்சிது. மடியில வச்சிக்கினா" என்றார்.